வள்ளிக்கிழங்கின் பெயர் போன கதை

எங்கள் சங்கரன்கோவில் கரிசலை அடுத்த ஊர். மேற்கே மலை தெரியும், மலைபெறும் மழையோ எங்களுக்கு வாய்ப்பதில்லை. ஆயினும் தைப்பொங்கலன்று, நெல்லைச் சீமையின் பிற ஊர்களைப் போலவே, சேனை, சேம்பு, சிறுகிழங்கு, வள்ளி முதலியவற்றைப் பொங்கற் பானையருகே வைத்துப் படைக்கிறோம். பின்னர் அவை அடுக்களைக்குச் செல்கின்றன.

சேனையை அரியுமுன் பெண்கள் கையில் எண்ணெய் தடவிக்கொள்வர். துண்டுகளைப் புளிநீரில் வேகவைத்து, நீரை வடித்த பிறகே மசிப்பர். அக்கிழங்கினுள் கால்சியம் ஆக்சலேட்டு என்னும் ஊசி போன்ற நுண்படிகங்கள் உள்ளன. அவை தொண்டையைக் குத்துவதையே காறல் என்கிறோம். வேதியியல் நூல் அதற்குப் பெயரிடுமுன்பே மாற்றுக் கண்டவர்கள் நம் பாட்டிமார். தோட்டத்து வள்ளிக்கு இத்தனை பாடில்லை. தோலுடன் அவித்து உரித்தாற் போதும்.

மாணவ நண்பர்களே, இந்த வள்ளியைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றியபோது, அம்மலையைப் பட்டினியால் பணியவைக்க இயலாது என்கிறார் கபிலர். உழவரின் உழைப்பின்றியே அங்கு மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் கிடைக்குமாம். புறநானூற்றின் 109ஆம் பாடல் இது. ஒரு முற்றுகையைத் தாங்கவல்ல உணவு எனப் போற்றப்பெற்றது வள்ளி! முருகன் மணந்த வள்ளியும், அக்கிழங்கை அகழ்ந்த குழியிற் கிடைத்த குழந்தை என்றே கந்தபுராணம் கூறும்.

இப்பாடலைப் படிக்கும் இளைஞர் பலர் சர்க்கரைவள்ளியை நினைத்துக்கொள்கின்றனர். அது பொருந்தாது. சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பசு 1492இல் அங்குச் சென்ற பின்னரே இந்தியாவை அடைந்தவை. மரவள்ளியைப் பரப்பியவர்களுள் ஒருவர், 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள். எங்களுக்கு அந்நாடு தொலைவன்று. செங்கோட்டை 1956 வரை அதனுடனும் அதன் வழிவந்த மாநிலத்துடனும் இருந்தது.

வந்த விருந்தினருக்குத் தமிழர் புதுப்பெயர் தேடவில்லை. ஒன்று இனித்தது, சர்க்கரைவள்ளியாயிற்று. ஒன்று மரம்போல் நிமிர்ந்தது, மரவள்ளியாயிற்று. பெயரை ஈந்த பழைய வள்ளியோ ஒதுங்கிப்போயிற்று. இன்று எங்கள் கடைத்தெருவில் வள்ளி என்று கேட்டால் சர்க்கரைவள்ளியையே நிறுத்துத் தருகிறார்கள். கபிலர் கண்ட கிழங்கு வேண்டுமானால், மார்கழிக் கடைசியில் பொங்கற் சந்தை கூடும்வரை காத்திருக்க வேண்டும்.