வீட்டைத் தூக்கும் மண்

கோடையில் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் நடந்திருக்கிறீர்களா? நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் கைத்தடியை விட்டால் பாதிக்கு மேல் உள்ளே இறங்கும். ஐப்பசி மழை பெய்ததும் வெடிப்புகள் மூடிக்கொண்டு மண் பருத்து எழும். பருத்திக்கு உகந்த இந்த மண், வீடு கட்டுகிறவருக்குச் செலவு வைக்கும் மண்.

கட்டிய சில ஆண்டுகளிலேயே சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும். கதவு நிலையோடு உரசும். பழி கொத்தனார் மீது விழும்; அல்லது ‘அஸ்திவாரம் இறங்கிவிட்டது’ என்பார்கள். உலகெங்கும் இதே பேச்சுத்தான். அமெரிக்காவில் 1930 வரையில் இத்தகைய விரிசல்களுக்கு மட்டமான வேலையையும் கட்டடம் அமிழ்வதையுமே காரணமாகச் சொல்லி வந்தார்கள். 1938-ஆம் ஆண்டில் ஆரிகன் மாநிலத்து ஒவைஹீ பாசனத் திட்டத்தில் ஓர் எஃகுக் குழாயின் அடித்தளத்தை ஆராய்ந்தபோதுதான், அந்நாட்டு நீர்ப்பாசனத் துறைப் பொறியாளர்கள் உண்மையைக் கண்டுகொண்டார்கள். அடித்தளம் இறங்கவில்லை, மண் அதை மேலே தூக்கியிருந்தது!

மண்ணுக்கு இந்த வலிமை எங்கிருந்து வந்தது? கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் மிகுதி. பிரான்சு நாட்டின் மான்ட்மோரில்லோன் என்ற ஊரின் பெயரால் வந்த பெயர் அது. 1933-இல் ஹாஃப்மன் முதலிய ஜெர்மானிய அறிஞர்கள் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு அதன் உள்ளமைப்பை விளக்கினார்கள். மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு தடிப்புள்ள ஏடுகள், சீட்டுக்கட்டுப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஏடுகளுக்கிடையே நீர் புகுந்தால் அடுக்கு விரிகிறது. நீர் போனால் சுருங்குகிறது. ஒரு மாடி கூட இல்லாத வீட்டின் சுவர், சதுர மீட்டருக்கு ஐந்து டன் அளவில்தான் மண்ணை அழுத்தும். நீரில் பருக்கும் கரிசலோ 20, 30 டன் அழுத்தத்தோடு மேலே தள்ளக்கூடும். கனத்த கட்டடம் மண்ணை ஓரளவு அடக்கி வைக்கும். ஏழையின் சிறு வீடுதான் எழும்பும், பிளக்கும்.

அப்படியானால் கரிசல் முழுவதையும் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவலை நிரப்பலாமே என்று கேட்பீர்கள். அடுக்கு மெல்லியதாயின் செய்யலாம். ஆனால் நம் நாட்டில் பருவத்துக்குப் பருவம் ஏற்படும் ஈர மாறுதல் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழம் வரை செல்கிறது. அவ்வளவு ஆழம் வீடு முழுதும் வானம் தோண்டினால், வீட்டுக்கென்று வைத்த பணம் மண்ணுக்குள்ளேயே போய்விடும்.

ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950-களில் இதற்கு ஒரு வழி தேடியது. அகன்ற அடியுள்ள தூண்கள் டெக்சாஸில் முன்பே வழக்கில் இருந்தன. தினேஷ் மோகனும் அவருடைய குழுவினரும் அக்கருத்தை, கையால் சுழற்றும் துரப்பணத்தைக் கொண்டே செய்யும்படி எளிமையாக்கினார்கள். 30 செ.மீ. அகலத்தில் மூன்றரை மீட்டர் துளையிட்டு, அடியில் மட்டும் 75 செ.மீ. அளவுக்குக் குடைந்து, கம்பிக்கூடு இறக்கிக் காங்கிரீட் இடுவார்கள். வெங்காயத் தாளின் அடியில் இருக்கும் குமிழைப் போன்ற அந்த அடி, ஈரம் மாறாத மண்ணில் பிடித்துக்கொள்ளும். மேல்மண் பருத்தாலும் தூணைப் பிடுங்க முடியாது. இந்தத் ‘அண்டர்-ரீம் பைல்’ முறைக்கு 1973-இல் இந்தியத் தர விதி வந்தது. 1980-இல் அது திருத்தப்பட்டது.

தூண் மட்டும் போதாது. தூண்களை இணைக்கும் உத்தரம் தரையில் படியக் கூடாது. அதன் அடியில் குறைந்தது 80 மி.மீ. இடைவெளி வேண்டும். ‘வெற்றிடத்துக்கு எதற்குச் செலவு?’ என்று அதில் மண்ணைத் தள்ளி மூடிவிடுபவர் உண்டு. அப்படிச் செய்தால் மண் உத்தரத்தைத் தூக்கிவிடும். தூணுக்குச் செலவிட்டதும் வீண். என்னைக் கேட்டால், பாதி வேலையாகச் செய்த தூண் அடித்தளத்தைவிட வீண் செலவு வேறில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. வீடு சிறியது, பளு குறைவு என்பதற்காகத் தூணின் ஆழத்தைக் குறைக்க இயலாது. ஆழத்தை முடிவு செய்வது மண்ணே. ஆகவே மொத்தச் செலவில் அடித்தளத்தின் பங்கு சிறிய வீட்டில்தான் கூடுதலாக விழுகிறது. செலவைத் தவிர்த்தாலோ? 1973-இல் ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் கணக்கிட்டார்கள். பருக்கும் மண்ணால் ஆண்டுதோறும் 230 கோடி டாலர் சேதம்! வெள்ளம், புயல், பூகம்பம் ஆகியவற்றின் மொத்தச் சேதத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

ஆஸ்திரேலியர்கள் வேறொரு வழியில் சென்றார்கள். 1986-இல் வந்த அவர்களுடைய தர விதி, மனையின் மண் எத்தனை மில்லிமீட்டர் எழும்பித் தாழும் என்று மதிப்பிட்டு அதை வகைப்படுத்துகிறது. இன்றைய விதிப்படி 75 மி.மீ.-க்கு மேல் அசையும் மனை கடைசி வகுப்பு. அடித்தளத்துக்கு எவ்வளவு ஆகும் என்பது வரைபடம் போடும்போதே தெரிந்துவிடும்.

மண் பருக்குமா என்பதை முன்கூட்டி அறிய, 1977-இல் இந்தியத் தர நிறுவனம் வகுத்த ஓர் எளிய சோதனை உண்டு. உலர்த்திப் பொடித்துச் சலித்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு அளவு உருளைகளில் இடுங்கள். ஒன்றில் வாலை வடித்த நீரையும் மற்றதில் மண்ணெண்ணெயையும் 100 மி.லி. கோடு வரை ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் விடுங்கள். மண்ணெண்ணெய் களிமண்ணைப் பருக்கச் செய்யாது. இரண்டிலும் படிந்த மண்ணின் உயரம் ஏறக்குறைய ஒன்றாயிருந்தால் கவலையில்லை. நீரிலுள்ள மண் 18 மி.லி. கோட்டிலும் எண்ணெயிலுள்ளது 10 மி.லி. கோட்டிலும் நின்றால், அந்த மண் 80 விழுக்காடு பருத்திருக்கிறது. மேல்மண்ணை மட்டும் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் ஆழத்து மண்ணையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.