அபு மலை மந்திகள்

அச்சமும் நாணமும் பெண்ணுக்கு உரியவை என்று தொல்காப்பிய வகுப்பில் நடத்துகிறோம். 1871இல் டார்வின் விலங்குலகத்துப் பெண்பாலுக்கும் ஏறக்குறைய அதையே எழுதினார். 1948இல் பேட்மன் பழ ஈக்களை வைத்து அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஆண் துரத்தும், பெண் தயங்கும். யானையைக் காட்டி வள்ளியை மிரட்டிய கதை கேட்டு வளர்ந்த எங்கள் திருத்தணிப் பெண்களுக்கு இது புதிதல்ல. பரிணாம உளவியல் இந்த அடித்தளத்தின்மேல்தான் எழுந்தது.

அதில் விரிசல் கண்டது இந்தியாவில். 1962இல் தார்வாடில், அனுமன் குரங்குக் கூட்டமொன்றைப் புதிய ஆண் கைப்பற்றியதும் குட்டிகள் கொல்லப்பட்டதை ஜப்பானிய ஆய்வாளர் யுகிமாரு சுகியாமா பதிவுசெய்தார். நெரிசலால் வரும் கோளாறு என்றார்கள். 1971இல் ராஜஸ்தானின் அபு மலைக்கு வந்த ஹார்வர்டு மாணவி சாரா பிளாஃபர் ஹர்டி, அது கோளாறல்ல, ஆணின் இனப்பெருக்க உத்தி என்றார். குட்டியை இழந்த தாய் சீக்கிரமே மீண்டும் கருத்தரிக்கும்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. மந்திகளைக் கவனித்தார். அவை வெளியிலுள்ள ஆண்களைத் தாமே தேடிப் போய்க் கூடின, கருவுற்ற பிறகும் கூடின. தந்தை யாரென்று தெளிவில்லாவிட்டால் குட்டி பிழைக்கலாம் என்பது அவர் விளக்கம். மூத்த மந்திகள் முன்னால் நின்று ஆணை எதிர்த்தன. எங்கே நாணம்?

1989இல் டேவிட் பஸ், இந்தியா உட்பட 33 நாடுகளில் 10,047 பேரிடம் கேட்டு, பெண்கள் சம்பாதிக்கும் ஆணை விரும்புவது பரிணாமத்தின் விளைவு என்றார். 1999இல் ஆலிஸ் ஈக்லியும் வெண்டி வுட்டும் அதே தரவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பாலினச் சமத்துவம் கூடிய நாடுகளில் அந்த விருப்பத்தில் ஆண்-பெண் வேறுபாடு குறைந்திருந்தது. வரன் பார்க்கும் வீடுகளில் “இயற்கை” என்ற சொல்லைக் கேட்கும் என் மாணவிகளுக்கு இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்தே நடத்துகிறேன்.