செலவுக் கணக்கில் எழுதப்படாத வரி: செங்கல்பட்டுக் குறிப்பு முதல் கும்மிடிப்பூண்டி வரை



நலத்திட்டங்களுக்கு அரசு இவ்வளவு செலவு செய்யலாமா, செய்த செலவுக்குப் பலன் உண்டா என்ற கேள்வி சில ஆண்டுகளாக உரத்து ஒலிக்கிறது. தமிழ்நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி, மிக்சி, மடிக்கணினி கொடுப்பதாகத் தேர்தல் அறிக்கையில் சொன்னதை எதிர்த்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பையே மறுபடி பார்க்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விவகாரம் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் பிரதமர் மோடி இலவசங்களை ‘ரேவடி’ மிட்டாய் விநியோகம் என்று கேலி செய்திருந்தார். அதற்கும் முன்பு, 2021 ஆகஸ்டில், தமிழ்நாடு அரசின் வெள்ளை அறிக்கை ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகக் கணக்கிட்டது.

இந்த விவாதத்தைப் புதியது என்று நினைக்கிறோம். நாம் கூடியிருக்கும் இந்த மண்ணில் இதற்கு 130 ஆண்டு வயது. எனவே வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997இல் உருவானது. அதற்கு முன் பொன்னேரியும் திருவள்ளூரும் செங்கல்பட்டு மாவட்டத்தின் தாலுகாக்கள். 1891இல் அந்த மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அதில் அவர் பசியைப் பற்றி மட்டும் எழுதவில்லை. பசி எதனால் வருகிறது என்று எழுதினார். குடியிருக்கும் மனை சொந்தமில்லை. மிராசுதாருக்குக் கோபம் வந்தால் குடிசையை விட்டு வெளியேற வேண்டும். வாங்கிய சிறு கடனுக்காகப் பண்ணையாளாகக் கட்டுண்டு கிடக்க வேண்டும். தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால் முன்னுரிமை மிராசுதாருக்கு. மனை, நிலம், கல்வி ஆகிய மூன்றும் கொடுத்தால்தான் இந்தக் கட்டு அவிழும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

வருவாய் வாரியமும் சென்னை அரசும் அந்தக் குறிப்பை எதிர்கொண்ட விதத்தைக் கவனியுங்கள். நிலைமை அவர் சொல்லும் அளவுக்கு மோசமில்லை என்றார்கள். பரிந்துரைகளில் பெரும்பகுதியை ஒதுக்கினார்கள். இவர்களுக்கு நிலம் கொடுத்தால் வயல் வேலைக்கு யார் வருவார்கள் என்பது நிலவுடைமையாளர் தரப்பின் கவலை. கடைசியில் 1892 செப்டம்பர் 30 அன்று வெளியான 1010, 1010-ஏ எண்ணுள்ள அரசாணைகள் வழியாக நிலம் ஒதுக்கும் வழி திறந்தது. அந்த வழியில் வந்தவையே பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டது என்பது தலித் இயக்கங்கள் வைக்கும் கணக்கு. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்ற நிபந்தனையும் உண்டு.

அந்த நிலம் எங்கே போனது? நிபந்தனை தாளில் இருந்தது. பதிவு செய்யும் அதிகாரியும், பட்டா மாற்றும் கர்ணமும், கடன் கொடுத்துக் கைநாட்டு வாங்குபவரும் ஊர்ப் பக்கம் இருந்தார்கள். கிணறு வெட்டவும் மாடு வாங்கவும் கடன் இல்லாதவனிடம் தரிசைக் கொடுத்தால், அது ஒரு பஞ்சத்திலோ ஒரு கல்யாணத்திலோ கைமாறிவிடும். மீட்கக் கேட்டபோது என்ன கிடைத்தது என்பதையும் இதே பழைய மாவட்டம் பார்த்திருக்கிறது. காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். ‘கொடுத்தும் இவர்கள் முன்னேறவில்லையே’ என்று யாராவது சொன்னால், கொடுத்தது யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

1919க்குப் பிறகு ஒடுக்கப்பட்டோர் நலனுக்கென்று தொழிலாளர் ஆணையர் நியமிக்கப்பட்டார். லேபர் பள்ளிகள் வந்தன, மனைகள் கையகப்படுத்தப்பட்டன. ஆனால் பல இடங்களில் அந்த மனை தானம் இல்லை. கூட்டுறவுச் சங்கம் வழியாகத் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் அது. தலைமுறை தலைமுறையாக ஊரின் வயலை உழுதவன், தன் குடிசை நிற்கும் இடத்துக்கு விலை கொடுத்தான். உழுத உழைப்புக்கு எந்தப் பேரேட்டிலும் வரவு எழுதப்படவில்லை.

அடுத்து சோறு. 1920 செப்டம்பரில் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. திட்டம் ஐந்து பள்ளிகளுக்கு விரிந்தது. அந்தப் பள்ளிகளில் 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது. இதைவிடத் தெளிவான பலன் வேண்டுமா? ஆனாலும் 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்ய அரசு அனுமதிக்கவில்லை. பலன் கண்முன்னே இருந்தும், கணக்குத் தலைப்பு சரியில்லை என்று பிள்ளைகளின் தட்டு எடுக்கப்பட்டது. பிறகு 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவு என்று அந்தத் தட்டு திரும்பத் திரும்ப வைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ‘கட்டுப்படியாகுமா’ என்ற கேள்வியும் கூடவே வந்தது.

சோறு போட்டதால் சாதி போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காமராசர் மதிய உணவைத் தொடங்கிய எட்டயபுரத்துக்குப் பக்கத்து உசிலம்பட்டியிலும், கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலும், 2023இல் தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் பெற்றோர் தடுத்தார்கள். திட்டத்தின் வெற்றியை எத்தனை தட்டு என்று மட்டும் எண்ணினால் இது கணக்கில் வராது.

இப்போது கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். இங்கே அரசுப் பணத்துக்கு இரண்டு பெயர் உண்டு. சிப்காட் வளாகத்தில் தொழில் தொடங்குவோருக்கு மூலதன மானியம், மின்வரி விலக்கு, முத்திரைத்தாள் கட்டணச் சலுகை, வரியைத் திருப்பித் தருதல் என்று மாநிலத் தொழில் கொள்கைகள் வகை வகையாக வழங்குகின்றன. அதற்குப் பெயர் ‘ஊக்கத்தொகை’. அந்த வளாகத்தில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்பவரின் வீட்டுக்கு வரும் ரேஷன் அரிசிக்குப் பெயர் ‘இலவசம்’. தொழில் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு செலவையும் ஒரே தராசில் வையுங்கள் என்கிறேன். எத்தனை நிரந்தர வேலை, அதில் எத்தனை பேர் சுற்றுவட்டாரக் காலனிப் பிள்ளைகள் என்று ஊக்கத்தொகையின் பலனையும் கேளுங்கள்.

தொழிற்பேட்டைகளின் செலவில் எழுதப்படாத இன்னொரு வரியும் உண்டு. 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவருக்கே இழப்பீடு தந்தது. அந்த வயலில் நாற்று நட்டவருக்கும் அறுப்பு அறுத்தவருக்கும் ஒரு பைசா இல்லை. விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகச் சட்டம் ஏற்க 2013 வரை ஆயிற்று. அதற்குள் இழந்த கூலி நாட்கள் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் ஏறவில்லை.

இதே மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருளர் குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்ததையும் மீட்கப்பட்டதையும் மறந்துவிட முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. 2016ஆம் ஆண்டின் மறுவாழ்வுத் திட்டம் மீட்கப்பட்டவருக்கு ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரை என்றது. ஆனால் உடனடித் தொகையாக வைத்தது 20,000 ரூபாய். முழுத் தொகையை, வைத்திருந்தவருக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டது. வழக்கு முடியும்வரை அடுப்பு எரிய வேண்டாமா? மனையில்லாமல், கையில் காசில்லாமல் விடப்பட்ட குடும்பம் அடுத்த முன்பணத்துக்குத்தான் கை நீட்டும். ட்ரெமென்ஹீர் எழுதியதும் இதைத்தானே?

இங்கிருந்துதான் என் வாதம். ஒரு நலத்திட்டத்தின் பலனை அளக்க நமக்கென்று ஓர் அளவுகோல் வேண்டும்: இந்தத் திட்டம் ஒருவரை இன்னொருவர் பிடியிலிருந்து விடுவித்ததா? ரேஷன் அரிசி விடுவித்தது. ‘அரிசி கொடுத்ததிலிருந்து வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை’ என்று ஊரில் புலம்பக் கேட்டிருப்பீர்கள். அந்தப் புலம்பல்தான் அரிசியின் பலனுக்கு நேர்ச்சாட்சி. சொன்ன கூலிக்கு, சொன்ன நேரத்துக்கு, கைகட்டி வர மறுக்கும் தெம்பை இருபது கிலோ அரிசி கொடுத்திருக்கிறது. 1891இல் நிலம் கொடுக்கக் கூடாது என்றவர்களின் கவலையும் இதே கவலைதான்.

இந்த அளவுகோல் அரசுக்கு வசதியானதும் இல்லை. பட்டியல் சாதியினருக்கான சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80இல் வந்தது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதியை ஒதுக்கி, இடைவெளியைக் குறைக்கும் பணிகளுக்கு மட்டும் செலவிட வேண்டும் என்பது அதன் உயிர். 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு இந்த நிதியிலிருந்து சுமார் 1,500 கோடி ஒதுக்கப்பட்டதாகக் கேள்வி எழுந்து, தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. பயனாளிகளில் பட்டியல் சாதிப் பெண்களும் இருக்கிறார்களே, அவர்களின் பங்குதானே என்பது அரசுத் தரப்பின் வாதம். மாதம் ஆயிரம் ரூபாய் நம் பெண்களின் கைக்கு வருவது நல்லதே. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் பொதுக் கணக்கில் வரும் பணம், நம் பெண்களுக்கு மட்டும் ஏன் நம் விடுதிக்கும் நிலத்துக்கும் உரிய கணக்கிலிருந்து வர வேண்டும்? பொதுவில் பங்கு இல்லை, தனியாக வைத்ததும் இல்லை என்றால், ஊருக்கு வெளியே சேரி என்ற ஏற்பாடு பட்ஜெட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று பொருள். 2024 பிப்ரவரியில் இந்த நிதிக்கென்று தனிச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதன் பலன் சட்டத்தின் பெயரில் இல்லை, கண்காணிப்பவர் கையில் இருக்கிறது.

ஆகவே செலவு பற்றிய விவாதத்திலிருந்து நாம் ஒதுங்கி நிற்கக் கூடாது. கடன் உண்மை. குடும்பத்துக்கு 2,63,976 என்று அதைச் சமமாகப் பங்கிட்டபோது சூளையில் கிடக்கும் குடும்பத்தின் பெயரிலும் அது எழுதப்பட்டது. கடனில் சம பங்கு என்றால் வரவிலும் சம பங்கு கேட்க நமக்கு உரிமை உண்டு.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். பொன்னேரி, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி தாலுகாக்களில் உங்கள் கிராமத்தின் பழைய அ-பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். டி.சி. நிலம் என்று குறித்த சர்வே எண்களை எழுதுங்கள். இன்று அங்கே வயல் இருக்கிறதா, மனைப்பிரிவு இருக்கிறதா, ஆலைச் சுவர் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பக்கத்தில் ஆதிதிராவிடர் நல விடுதி இருந்தால் அதன் கழிப்பறையையும் பாருங்கள். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதி அடுத்த ஆண்டு இதே மேடையில் வாசியுங்கள். ‘இவர்களுக்கு எவ்வளவு செலவு’ என்று கேட்பவர்களுக்கு நாம் வைக்க வேண்டிய எதிர்க்கணக்கு அந்த நோட்டில்தான் தொடங்குகிறது.

ஜெய்பீம்.