பாலாத்துக் கிணறும் வேலூர் வழக்கும்

உங்க வீட்டுல சட்டம் படிக்கிற பிள்ளை இருந்தா, 'வேலூர் வழக்கு தெரியுமா'ன்னு கேட்டுப் பாருங்க. மடமடன்னு ஒப்பிக்கும். 1996 ஆகஸ்ட் 28, உச்ச நீதிமன்றம், நீதிபதி குல்தீப் சிங். மாசுபடுத்தினவனே அதற்கான செலவை ஏற்கணும் என்பது இந்தியச் சட்டத்தில் ஒரு பகுதி என்று சொன்ன தீர்ப்பு. இன்னைக்கும் எந்த ஆத்துல கழிவு விட்டாலும் வக்கீல்கள் எடுத்து நீட்டுகிற தீர்ப்பு அது. சரி, எந்தத் தண்ணிக்காக வழக்குப் போட்டாங்களோ அந்தத் தண்ணி என்ன ஆச்சுன்னு கேளுங்க. பிள்ளை முழிக்கும். நானும் பாலாத்துத் தண்ணியில பயிர் வெச்சவன். அதனால அந்தக் கதையை எழுதறேன்.

ரயில்ல பெங்களூரு போகும்போது பாலாத்தைப் பார்த்திருப்பீங்க. பெரும்பாலும் வெறும் மணல்தான் தெரியும். ஆனா ஆறு செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. எங்க ஆறு மணலுக்கு அடியில ஓடுற ஆறு. பெரியவங்க மணலில் ஊத்துக்கால் வெட்டி, அந்தத் தண்ணியை வயலுக்குத் திருப்பினாங்க. கிணத்துக்கும் அதே ஊத்துதான். மேல எதை ஊத்தினாலும் அது அடியில இறங்கி அடுத்தவன் கிணத்துல போய் நிக்கும்.

தோல் பதனிடுறது இந்தப் பக்கம் பழைய தொழில். அப்போ ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் சரக்கு. என் சின்ன வயசுல மானாவாரிக் காட்டுல ஆவாரம்பட்டை உரிச்சு, கட்டுக்கட்டா வண்டியில ஏத்துவாங்க. அந்தக் கழிவு மட்டும் சாதுன்னு சொல்ல வரலை. அதுவும் நாறும், அதுலயும் உப்பு உண்டு. ஆனா 1972-ல் சீதாராமையா குழு, பாதி பதப்படுத்தின தோலை ஏற்றுமதி செய்றதைக் குறைச்சு, முழுசா முடிச்ச தோலாவும் பொருளாவும் அனுப்பணும்னு சொன்னது. அரசும் அந்த வழியில போச்சு. அந்நியச் செலாவணி வந்தது. கூடவே குரோமியமும் வந்தது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணி செலவாகுது, 170 வகை ரசாயனம் பயன்படுதுன்னு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கு. டெல்லியில எடுத்த முடிவுக்கு வாணியம்பாடிக் கிணறு விலை கொடுத்தது.

1991-ல் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சாதாரண தைரியம் இல்லை இது. ஏன்னா டேனரி வெளியூர்க்காரன் சமாச்சாரம் இல்லை. ஒரே வீட்டுல அண்ணன் கருகின நாத்தைப் பார்த்து நிப்பார், தம்பி டேனரியில கூலி வாங்கிட்டு வருவார். அடுப்பு எரியறது தம்பி காசுல. இந்த வீட்டுக்கு நியாயம் சொல்றது எப்படி?

நீதிமன்றத்துக்கு வந்த கணக்குகள் மோசமானவை. தோல் தொழில் நடக்கிற பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு ஆகாமப் போச்சுன்னு ஒரு கணக்கு. திண்டுக்கல் பக்கம் 13 கிராமத்துல எடுத்த இன்னொரு கணக்குல 467 கிணத்துல 350 கெட்டுப் போயிருந்தது. மூடுங்கன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாம். நீதிமன்றம் அப்படிச் செய்யலை. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு வசதிக்கு 1996 நவம்பர் 30 வரை கெடு, அதுக்குள்ள செய்யாட்டி மூடணும். இதுக்கும் மேல ஒண்ணு சொன்னது: பாதிக்கப்பட்டவனுக்கு ஈடு கொடுத்தா மட்டும் போதாது, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் பழையபடி ஆக்குற செலவும் மாசுபடுத்தினவன் தலையிலதான்.

இது எங்களுக்குப் புதுசு இல்லை. கரையை உடைச்சவன் கரையைக் கட்டித் தரணும்கிறது பழைய ஊர் வழக்கம். அதுக்காகப் பஞ்சாயத்தைப் புகழ வரலை. யார் திண்ணையில உக்காந்தாங்க, யார் வாசல்ல கைகட்டி நின்னாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா தண்டம் கட்டிட்டா கரை தானா எழும்பிடாதுங்கிற ஞானம் அங்கே இருந்தது.

இழப்பைக் கணக்குப் பண்ண ஒரு ஆணையம் போட்டாங்க. 2001-ல் அதன் முடிவு வந்தது. வேலூர் மாவட்டத்துல 29,193 பேருக்கு, 547 டேனரிகள் சேர்ந்து 26.82 கோடி ரூபாய் தரணும். கோடின்னதும் பெருசாத் தெரியும். வகுத்துப் பாருங்க, சராசரியா ஒருத்தருக்கு 9,200 ரூபாய்கூட வராது. அதுவும் 1991-லிருந்து 1998 முடியற வரைக்குமான இழப்புக்கு. மாசக் கணக்கு போட்டா நூறு ரூபாயும் சில்லறையும். ஒரு மாட்டுக்குத் தீவனம் வாங்கக்கூட அது காணாது. அந்தத் தொகையும் எல்லார் கைக்கும் போய்ச் சேரலை.

சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா 2015 ஜனவரி 31 ராத்திரி ராணிப்பேட்டையில அப்படி ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைஞ்சு, தூங்கிக்கிட்டிருந்த கூலிக்காரங்க உட்பட 10 பேர் சேத்துல மூழ்கிச் செத்தாங்க. பெரும்பாலானவங்க வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவங்க. நெல் போட்டவன் மட்டும் இல்லை, தோல் தேய்ச்சவனும் இந்தக் கணக்குல உண்டுங்கறதை அன்னைக்குப் பார்த்தோம்.

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி பேசியது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன். விடுபட்ட குடும்பங்களுக்கு 6 வாரத்துல ஈட்டுத்தொகை கொடுங்க, அந்தப் பணத்தை மாசுபடுத்தினவங்ககிட்ட அரசு வசூலிச்சுக்கட்டும்னு உத்தரவு. ஈடு ஒரு தடவையோட முடியாது, கெட்டது சரியாகுற வரைக்கும் பொறுப்பு தொடரும்னும் சொன்னாங்க. கண்காணிக்க ஒரு குழுவும் போடச் சொன்னாங்க. முதல் மனுவுக்கும் இதுக்கும் நடுவுல 34 வருஷம். கையெழுத்துப் போட்ட பலர் இன்னைக்கு இல்லை.

அந்தக் குழுகிட்ட எனக்கு ஒரே ஒரு கேள்விதான். 'சரியாகுற வரைக்கும்'ங்கறதை யார், எதை வெச்சு அளக்கப் போறாங்க? ஈட்டுப் பட்டியல்ல இருக்கிற ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு கிணறு இருக்கும். வருஷா வருஷம் சித்திரையில ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு தடவை அந்தத் தண்ணியை எடுத்துச் சோதிச்சு, உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவுன்னு பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல தமிழ்ல எழுதிப் போடட்டும். பெயிண்டும் தூரிகையும் ஊரே வாங்கிக் கொடுக்கும்.