பழைய வீட்டுத் தரைகளில் ஆஸ்பெஸ்டாஸைக் கண்டறிதல்

கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ், அமெரிக்க வீடுகளின் தரைப் பொருள்களில் 1920-கள் முதல் 1980-களின் தொடக்கம் வரை பரவலாகச் சேர்க்கப்பட்டது. அவற்றில் பெரும்பாலும் இருப்பது கிரிசோடைல் என்னும் வெண்கல்நார். தரை சிதையாமல் இருக்கும்வரை இழைகள் பிசினுக்குள் கட்டுண்டு கிடக்கும். உடைத்தாலோ, சுரண்டினாலோ, உப்புத்தாளால் தேய்த்தாலோ அவை காற்றில் கலந்து நுரையீரலை அடையும். ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், மீசோதெலியோமா ஆகிய நோய்கள் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படுவதால், பழைய தரையைப் பெயர்ப்பதற்கு முன்பே அதில் கல்நார் உள்ளதா என்று அறிவது அவசியம்.

வரலாறு

முதலில் வந்தவை தாரையும் கல்நாரையும் கலந்து செய்த டைல்கள். தாரின் நிறத்தால் அவை கருப்பு, அடர்பழுப்பு போன்ற நிறங்களிலேயே கிடைத்தன. வினைல் பிசினில் செய்த டைல் 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த புதுக் குடியிருப்புகளின் சமையலறைகளிலும் அடித்தளங்களிலும் அது பெருமளவில் இடம்பிடித்தது. கல்நார் டைலுக்கு வலுவையும் தீத்தாங்கும் தன்மையையும் தந்தது, விலையும் மலிவு.

கல்நார் இருக்கக்கூடிய இடங்கள்

டைல்: தார் டைலிலும் வினைல் டைலிலும் கல்நார் இருக்கலாம். பிசின் இறுகப் பிடித்திருப்பதால் இவை எளிதில் பொடியாவதில்லை.

வினைல் விரிப்பின் அடித்தாள்: சுருளாக வரும் சில விரிப்புகளின் அடியில் சாம்பல் அல்லது வெளிர் நிறத்தில் தாள் போன்ற படலம் உண்டு. அதன் பெரும்பகுதி கல்நாராகவே இருக்கலாம். விரிப்பை இழுத்தாலே இது கிழிந்து இழைகளை உதிர்க்கும் என்பதால், தரைப் பொருள்களில் மிகுந்த ஆபத்து இதில்தான்.

கருப்புப் பசை: டைலை ஒட்டப் பயன்பட்ட தார்ப் பசையிலும் கல்நார் சேர்க்கப்பட்டது. டைலில் கல்நார் இல்லாமல் பசையில் மட்டும் இருப்பதும் உண்டு.

வெளித்தோற்ற அடையாளங்கள்

9 அங்குலச் சதுர டைல், அடியில் கருப்புப் பசை, 1980-க்கு முந்தைய கட்டுமானம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆயினும் 12 அங்குல டைல்களிலும் கல்நார் சேர்க்கப்பட்டது. நிறமோ பூவேலைப்பாடோ எதையும் உறுதிசெய்யாது. பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதிதாகப் போடும் வழக்கம் இருந்ததால், அண்மைக்காலத் தரைக்குக் கீழேயும் பழைய அடுக்கு இருக்கக்கூடும். தோற்றம் சந்தேகத்தை எழுப்பலாமே தவிர, கல்நார் இருக்கிறது என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்லாது. சோதிக்கும்வரை பழைய தரையில் கல்நார் இருப்பதாகவே கொள்வது பாதுகாப்பானது.

மாதிரியும் சோதனையும்

பயிற்சி பெற்ற ஆய்வாளரைக் கொண்டு மாதிரி எடுப்பதையே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பரிந்துரைக்கிறது. எடுக்கும் இடத்தை முதலில் நீரால் நனைப்பார்கள். டைல், அடித்தாள், பசை என ஒவ்வோர் அடுக்கிலும் சிறு துண்டெடுத்து, காற்றுப்புகாத உறையில் மூடி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

வழக்கமான சோதனைக்கு முனைவாக்க ஒளி நுண்ணோக்கி பயன்படுகிறது. டைலில் உள்ள இழைகள் மிக நுண்ணியவை, பிசினால் மூடப்பட்டவையும்கூட. ஒளி நுண்ணோக்கிக்கு அவை தப்பிவிடலாம். அதனால் டைலில் கல்நார் இல்லை என்று முடிவு வந்தால், பிசினை உலையில் எரித்து, சுண்ணாம்புப் பொருளை அமிலத்தில் கரைத்து, எஞ்சியதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மீண்டும் பார்ப்பது நம்பகமானது. 1 விழுக்காட்டுக்கு மேல் கல்நார் இருந்தால் அமெரிக்க விதிகளின்படி அது கல்நார்ப் பொருள்.

கண்டறிந்த பின்

நல்ல நிலையில் உள்ள தரையைப் பெயர்க்காமல் விடுவதும், அதன்மேல் புதுத் தரை போட்டு மூடுவதும் ஏற்கப்பட்ட வழிகள். உப்புத்தாளால் தேய்த்தல், காய்ந்த நிலையில் சுரண்டுதல், உதிர்ந்த தூளைத் துடைப்பத்தாலோ சாதாரண வேக்குவம் கிளீனராலோ கூட்டுதல் ஆகியவை கூடாது. அகற்றியே ஆக வேண்டுமானால் உரிமம் பெற்ற பணியாளரிடம் விடுவது நல்லது.

சட்டம்

சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1989-இல் கொண்டுவந்த கல்நார்த் தடையின் பெரும்பகுதியை 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. தரை விரிப்பின் அடித்தாளுக்கான தடை, மேலும் சில தாள் பொருள்களுக்கான தடையுடன் நிலைத்தது. கிரிசோடைலின் எஞ்சிய பயன்பாடுகளைத் தடைசெய்யும் விதி 2024 மார்ச்சில் வெளியானது. இவ்விதிகள் புதிய உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் கட்டுப்படுத்துகின்றன. வீடுகளில் ஏற்கெனவே பதித்த தரையை அகற்ற வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே பழைய வீட்டை வாங்குவோரும் புதுப்பிப்போரும் வேலையைத் தொடங்கும் முன் தரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.