கணிப்பொறி கற்பித்த துறவி

சங்கத்தின் ஆண்டு மலரில் மன்னர் ஒருவர், புலவர் ஒருவர், விடுதலை வீரர் ஒருவர் என்று வரலாற்றுப் பகுதி அமைவது வழக்கம். இம்முறை அவ்வழக்கத்தினின்றும் சற்றே விலகி, அமெரிக்க நாட்டில் வாழ்ந்த ஓர் ஆசிரியையின் வரலாற்றை எழுதத் துணிந்தோம். காரணம் உண்டு. கம்ப்யூட்டர் என்னும் கணிப்பொறியின் துணையால் அடுப்பெரியும் வீடுகள் நம் காலனியில் இன்று பல. மணமானதும் படிப்பை நிறுத்திவிட்டு, குழந்தை சற்று வளர்ந்தபின் மீண்டும் தொடங்கலாமா என்று தயங்கி நிற்கும் பெண்களும் நம்மிடையே உளர். இவ்விரு சாராரும் அறிந்திருக்க வேண்டிய பெயர், சகோதரி மேரி கென்னத் கெல்லர்.

இவர் 1913 டிசம்பர் 17 அன்று ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லந்து நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எவிலின் மேரி. 1932-இல், பதினெட்டாம் வயதில், புனித கன்னி மரியாளின் அன்புச் சகோதரிகள் சபையிற் சேர்ந்தார். 1940-இல் துறவற வாக்குறுதி மேற்கொண்டார்.

அச்சபையைப் பற்றி ஒரு சொல். அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த மேரி பிரான்சிஸ் கிளார்க் என்ற அம்மையாரும் அவர்தம் தோழியரும் 1833-இல் பிலடெல்பியாவில் நிறுவியது அது. பத்தாண்டுகள் கழித்து, மிஸ்ஸிஸிப்பி ஆற்றங்கரையில் உள்ள டுபியூக் என்னும் ஊருக்கு அவர்கள் பெயர்ந்தனர். அங்குப் பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கினர். அப்பள்ளியே வளர்ந்து கிளார்க் கல்லூரி ஆயிற்று. வந்தேறிய இடத்தில் முதலில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்ற எண்ணம், தில்லியிலும் பம்பாயிலும் பள்ளி கண்ட நம்மவர்க்குப் புதிதன்று. கற்பித்தலே அச்சபையின் தலையாய தொண்டு. ஆகவே சகோதரி கெல்லரும் சிறுவர் பள்ளிகளிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் ஆண்டுகள் பல கரும்பலகையின் முன் நின்றார்.

பட்டங்கள் விரைந்து வந்துவிடவில்லை. சிகாகோவின் டிபால் பல்கலைக் கழகத்தில் கணிதத்தில் முதற் பட்டம் பெற்றபோது ஆண்டு 1943. கணிதத்திலும் பௌதிகத்திலும் முதுநிலைப் பட்டம் பெற்றது 1953. வயது நாற்பதை நெருங்கியிருந்தது. இனி என்ன, ஓய்வு பெறும் வரை இயற்கணிதம் கற்பித்துக் கொண்டிருக்கலாம் என்று பிறர் எண்ணியிருப்பர்.

ஆனால் ஐம்பதை நெருங்கும் பருவத்தில் அவர் கணிப்பொறி ஒன்றைக் காணச் சென்றார். காணச் சென்றவர் திரும்பி வரவே இல்லை என்று பின்னாளில் அவரே நகைச்சுவையாகக் கூறியதுண்டு. கணிதம் செய்வதற்கு இதனினும் பெரிய கருவி வேறில்லை என்பது அவர் கண்ட முடிவு. டார்ட்மத் கல்லூரியின் பயிற்சி வகுப்புக்கும் சென்றார். அக்கல்லூரி 1972 வரை ஆடவர்க்கே உரியதாய் இருந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் வரலாறு எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள். ‘பேசிக்’ என்னும் கணிப்பொறி மொழியை ஆக்கியவர்களுள் இவரும் ஒருவர் என்று பலர் எழுதி வருகின்றனர். அம்மொழி ஜான் கெமெனி, தாமஸ் குர்ட்ஸ் என்னும் இரு பேராசிரியர்களின் படைப்பு. 1964 மே முதல் நாள் டார்ட்மத்தில் முதன்முதல் இயங்கியது. பிறர் கழுத்து மாலையைக் கழற்றி அம்மையாருக்கு அணிவிப்பது அன்பால் நேரும் பிழை. அவருக்கு அது தேவையும் இல்லை.

அவர் தம் முயற்சியால் ஈட்டியது யாது? 1965 ஜூன் 7 அன்று விஸ்கான்சின் பல்கலைக் கழகம் அவருக்குக் கணிப்பொறியியலில் டாக்டர் பட்டம் வழங்கியது. அமெரிக்காவில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. அதே நாளில் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் இர்விங் டாங் என்பவரும் பட்டம் பெற்றார். ஆக, ஆடவர் பெண்டிர் எவரையும் சேர்த்து எண்ணினும் முதலிருவருள் ஒருவர் கெல்லர். அப்போது வயது ஐம்பத்தொன்று.

அவர் ஆய்ந்த பொருளும் ஓர் ஆசிரியைக்கு ஏற்றதே. எடுத்துக்காட்டுகள் சிலவற்றைக் கொடுத்தால் அவற்றினின்றும் பொது விதியைப் பொறி தானே ஊகித்தறியுமா? இயற்கணிதக் கோவைகளுக்கு வகைக்கெழு காணும் முறைகளைப் போர்ட்ரான் மொழியில் எழுதி இதனை ஆராய்ந்தார். வகுப்பில் மாணவியிடம் நாள்தோறும் எதிர்பார்த்ததைப் பொறியிடமும் எதிர்பார்த்தார் எனலாம். செயற்கை நுண்ணறிவு என்று இன்று வீட்டுக்கு வீடு பேசுகிறோம். பொறி மனித சிந்தனையைப் போன்மை செய்யும் என்றும், கற்பதற்கு அது துணை நிற்கும் என்றும் அவர் அன்றே கூறினார்.

அக்காலத்துக் கணிப்பொறி மேசைமேல் வைக்கும் பொருளன்று. ஓர் அறையை அடைத்துக் கொள்ளும். கட்டளை வரி ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் துளையிட்டு, அட்டைக் கட்டை அடுக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு துளை தவறினாலும் கட்டு திரும்பி வரும். நம் நாட்டில் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 பொறி வந்தது 1963-இல். அங்கு 1965-இல் கணிப்பொறியியல் கல்வியைத் தொடங்கி வைத்த பேராசிரியர் வி. ராஜாராமன் ஈரோட்டிற் பிறந்தவர். தில்லியில் மதராஸி கல்விச் சங்கத்துப் பள்ளியிற் பயின்றவர். டுபியூக்கில் ஒரு துறவியும் கான்பூரில் ஒரு தமிழரும் ஒரே ஆண்டில் ஒரே பணியைத் தொடங்கினர் என்று எண்ணும்போது உள்ளம் மகிழ்கிறது.

ஆம், டாக்டர் பட்டம் பெற்ற அதே ஆண்டிலேயே கெல்லர் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறியியல் துறையை நிறுவினார். பெரிய பல்கலைக் கழகங்களே தயங்கிய வேளையில், ஒரு சிறு பெண்கள் கல்லூரிக்கு இவ்வளவு விலையுள்ள பொறி எதற்கு என்ற கேள்வி எழாமலா இருந்திருக்கும்? தேசிய விஞ்ஞான நிறுவனத்தின் நன்கொடை கிடைத்தது. எப்பாடம் பயிலும் மாணவியாயினும் கணிப்பொறியைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வல்லுநர் சிலர் கதவடைத்துக் காக்கும் பொருளாக அது இருத்தலாகாது. செய்தி எவ்வளவு பெருகினும் வேண்டுவோர்க்கு எட்டாவிடில் பயனில்லை என்றார். பொறியைப் பாடம் கற்பிக்கப் பயன்படுத்த விரும்பிய ஆசிரியர்களுக்கென முதுநிலை வகுப்பும் ஏற்பட்டது.

வயது வந்தோரும் வேலைக்குச் செல்வோரும் அவர் வகுப்புகளை நாடினர். தாய்மார்கள் கைக்குழந்தையுடனேயே வகுப்புக்கு வரலாம் என்று அவர் ஊக்கினார். குழந்தை ஒரு தடையென்று அவர் கொள்ளவில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வேலையைத் துறந்த பெண்கள் எத்தனை பேர் என்று நம் தெருவிலேயே எண்ணிப் பார்ப்போர்க்கு இச்செய்தியின் அருமை விளங்கும். வீடும் மகவும் துறந்த ஒருவர்க்கு இது தோன்றிற்று என்பது வியப்புக்குரியது.

இருபதாண்டுக் காலம் அத்துறைக்குத் தலைமை தாங்கி, 1985 ஜனவரி 10 அன்று டுபியூக்கில், எழுபத்தொன்றாம் வயதில் அம்மையார் மறைந்தார். அக்கல்லூரியின் கணிப்பொறி நிலையத்துக்குக் கெல்லர் என்ற பெயரே வைக்கப்பட்டது.