கம்பம் பன்னீர் திராட்சை

கம்பம் பன்னீர் திராட்சை என்பது தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கருநீலத் திராட்சை. உலக வழக்கில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். கடித்ததும் மூக்கில் ஏறும் வாசத்தால் இங்கே ‘பன்னீர்’ ஆயிற்று. 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. மதுரையிலும் காரைக்குடியிலும் தள்ளுவண்டியில் குவித்து விற்கும் விதையுள்ள கறுப்புத் திராட்சை பெரும்பாலும் இதுதான். சிவப்பு ஒயினுக்கு வேண்டிய நிறமும் மணமும் இதற்கு உண்டு. ஆனால் விளைச்சலில் பெரும்பங்கு பழமாகவே தின்று தீர்க்கப்படுகிறது.

1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. இதில் ஒரு சிக்கல். மஸ்கட் ஹாம்பர்க் இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடங்களில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் உருவானது. அலெக்சாந்திரியா மஸ்கட்டும் பிளாக் ஹாம்பர்க்கும் அதன் பெற்றோர் என்று மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. பாதிரியார் கொண்டுவந்தது வேறு மஸ்கட்டாக இருந்து, பின்னால் வந்த இந்தக் கொடி அந்தக் கதையையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கலாம்.

குளிர்நாட்டில் திராட்சைக்கொடி இலை உதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடை. கம்பத்தில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. கொடியை எழுப்புவது கவாத்துக் கத்தரிதான். வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ 4 மாதத்தில் கொத்து கைக்கு வரும். ஆண்டுக்கு இரண்டு வெள்ளாமை, சில தோட்டங்களில் அதற்கும் மேல். அதனால் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் போனால் ஒரு பந்தலில் பூவும் வரப்புக்கு அப்பால் அடுத்த பந்தலில் கறுத்த கொத்தும் ஒரே நாளில் பார்க்கலாம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் குனிந்து நுழையும் உயரத்தில் போட்ட பந்தல். பாசனத்துக்கு 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரும் கிணறும்.

ஐரோப்பாவில் ஒயின் தோட்டத்துக்கு மலைச்சரிவைத் தேடுவார்கள். நீர் வடியும், காற்று வீசும், இலையில் ஈரம் தங்காது. கம்பத்தில் மலை சுற்றி நிற்கிறது, கொடி கீழே பந்தலில் படர்கிறது. பந்தலடியில் ஈரம் தங்கினால் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும்; பழுக்கும் நேரத்து மழையில் பழம் வெடிக்கும். தொழுவுரம், வேப்பம் புண்ணாக்கு, பஞ்சகவ்யம் என்று மண்ணை இயற்கை வழியில் வளர்த்துவிடலாம். இலையைக் காப்பதுதான் பாடு. அதற்கு இன்றும் கைகொடுப்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் தெளித்துவைத்த கலவை அது. தெளித்த கொடிக்கு நோய் வரவில்லை என்று கவனித்த தாவரவியலாளர் மில்லார்தே, 1885-ல் அதை வெளியிட்டார். அங்கே இயற்கை வேளாண்மைத் தோட்டங்களிலும் செம்பு மருந்துக்கு அளவோடு இடம் உண்டு.

ஒயினின் சிவப்பு சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. பன்னீர் திராட்சையைப் பிதுக்கினால் வரும் சாறு வெளிறியதே. தோலோடு சேர்ந்து நொதிக்கும்போதுதான் நிறம் இறங்கும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 விழுக்காடு ஆல்கஹால். 12 விழுக்காட்டுக்கு 200 கிராமுக்கு மேல் வேண்டும். சந்தைக்காக முன்கூட்டி அறுத்த பழத்தில் அவ்வளவு இனிப்பு இராது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடுகிறவர்கள் பீங்கான் ஜாடியில் பழத்தோடு சர்க்கரையும் கொட்டுவது இதனால்தான். பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை சேர்த்து வாயைத் துணியால் கட்டி, தினம் மரக்கரண்டியால் கிளறி, மூன்று வாரம் கழித்து வடிப்பார்கள். தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி இதற்கு உரிமம் தேவை என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

இந்த ஒயின் பூசைக்கு ஆகாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் விதி, திருப்பலி இரசம் திராட்சைப் பழத்தில் இயற்கையாக உண்டானதாகவும் கெடாததாகவும் இருக்கவேண்டும் என்கிறது; கிராம்புக்கு அங்கே இடமில்லை.

கம்பத்துச் சுருளியாற்றின் நீர் வைகையில் சேர்ந்து மதுரை, மானாமதுரை தாண்டிப் போகிறது. சிவகங்கைச் சீமைக்குள் மானாமதுரை அருகே இடைக்காட்டூரில், பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் செல் 1894-ல் எழுப்பிய திரு இருதய ஆலயம் நிற்கிறது. பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தின் சாயலில் கட்டியது. அந்த ரீம்ஸ் ஷாம்பெயின் ஒயினின் தலைநகர். ஆறு கடலை நெருங்கும் அழகன்குளத்தில் அகழ்ந்தபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பருகச் சொல்வதும் யவனர் கலமேற்றிக் கொண்டுவந்த தேறலைத்தான்.